பந்திக்கு வெளியே அக்கா

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. பாட்டு தொடங்கியதும் முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு பெஞ்சாக எழுந்து போய், பீடத்துக் கிராதி முன்னால் முழங்காலிட்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். அந்த நேரத்தில் என் அக்கா கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே வந்துவிடுவாள். வாசலில் தாறுமாறாகக் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்ப்பாள். உள்ளிருந்து வருகிறவர்கள் குனியாமல் கால் நுழைத்துக்கொண்டு போகும்படி, நுனி தெருவைப் பார்த்து வரிசையாக வைப்பாள்.

நான் வண்டி நிறுத்துகிற இடத்தில் யாருடைய பைக்கின் மேலாவது உட்கார்ந்திருப்பேன். திருப்பூரில் இருக்கிற மாதங்களில்தான். சபை முழுக்க உள்ளே இருக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெளியே.

"உள்ள போலே. என்னத்தான் தள்ளி வச்சிருக்கு. உனக்கு என்ன கேடு?" என்பாள்.

"எனக்கு இன்னும் நம்பிக்கை வரலக்கா."

"நம்பிக்கை என்ன பஸ்ஸா, வாரதுக்கு?" சொல்லிக்கொண்டே ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்து அதன் ஜோடியைத் தேடுவாள்.

அக்காவைத் தள்ளி வைத்தது திருப்பூரில் இல்லை. தெற்கே எங்கள் ஊரில். மச்சான் இந்து. அவர்கள் குலதெய்வக் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். அடுத்த ஞாயிறு எங்கள் ஊர்ச் சபைக் கோயிலில், ஐயர் என்று நாங்கள் கூப்பிடும் குருவானவர் பீடத்தின் முன்னால் நின்று அக்கா பெயரைச் சொல்லி, சபை முன் வந்து தன் தவறை அறிக்கை செய்து ஏற்றுக்கொள்ளப்படும் வரை அவளுக்குத் திருவிருந்தில் பங்கில்லை என்று வாசித்தார். எங்கள் பக்கத்துப் பழைய சபைகளில் அது வழக்கம். அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். அக்காவும் மச்சானும் அதற்குள் திருப்பூர் பஸ் ஏறியிருந்தார்கள்.

அம்மா இறந்துபோன பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நானும் அவர்களிடம் வந்தேன். எனக்கு ஒரு இடத்தில் நிற்க வராது. சாயப்பட்டறையில் கொஞ்ச காலம் நீலக் கையோடு அலைந்தேன். காற்றாலை இறக்கை ஏற்றிய நீள லாரிக்கு முன்னால் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு உடுமலைப்பேட்டை ரோட்டில் போனேன். கணியூரில் தேங்காய் லோடு ஏற்றினேன். அமராவதி அணையில் மீன் குத்தகைக்காரரிடம் வலை இழுத்தேன். எல்லா இடத்திலும் சோறு கிடைத்தது, எல்லா இடத்திலும் சலித்தது. திரும்பி வரும்போதெல்லாம் அக்கா வாடகைக்கு இருந்த லைன் வீட்டில் எனக்கு ஒரு பாய் இருக்கும்.

மச்சான் பல்லடம் ரோட்டில் லோடு வேனில் அடிபட்டுச் செத்தார். பிள்ளை கிடையாது. அதற்குப் பிறகுதான் அக்கா சபைக்குப் போக ஆரம்பித்தாள். தெற்கத்தி ஆட்களும் ஏற்கெனவே இங்கே இருந்த கிறிஸ்தவக் குடும்பங்களும் சேர்ந்த சபை. அவளாகவே போய்க் கமிட்டியில் பெரியவராக இருந்தவரிடம் தன் கதையைச் சொன்னாள். அவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் காண்டிராக்டர். எங்கள் பக்கத்து ஆள். கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்:

"ஒழுங்கா வந்துட்டு இரு தாயி. கோயில் வேல ஏதாச்சும் எடுத்துச் செய்யி. பாப்போம்."

இந்தப் பாப்போம் என்ற சொல்லை வெளியூர்க்காரர் கேட்டிருந்தால் காற்றில் விட்டிருப்பார். அக்கா பனியன் கம்பெனிக்காரி. அங்கே புதிதாக ஒருத்தி வேலை கேட்டு வந்தால் வேண்டும் என்றும் சொல்ல மாட்டார்கள், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார்கள். ஒரு டேபிளைக் காட்டி, "செய்யி, பாப்போம்" என்பார்கள். கை சுத்தமா, வேகம் இருக்கிறதா, அடிக்கடி தண்ணீர் குடிக்கப் போகிறாளா என்று எங்கிருந்தோ ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கும். பிடித்தால் ஒரு நாள் கூப்பிட்டுச் சொல்வார்கள். சொல்லும் வரை தலை நிமிராமல் செய்ய வேண்டும். அக்கா அப்படித்தான் வேலையில் சேர்ந்தாள். சபையிலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கோயிலைக் கழுவுவாள். பெஞ்சு பெஞ்சாகத் தூக்கிப் போட்டுக் கழுவுவாள். பீடத்துத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்ப்பாள். சபையார் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்து என்றால் வெங்காயம் உரிக்க முதல் ஆள். பாத்திரம் கழுவிக் கவிழ்க்கக் கடைசி ஆளும் அவள்தான். எல்லாம் செய்துவிட்டு, முதல் ஞாயிறு வந்தால் செருப்பு.

அந்தப் பெரியவர் வயதாகி ஊருக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். அவர் சொன்னது அவருக்கே நினைவிருந்திருக்காது. குருவானவர்கள் மாறி மாறி வந்தார்கள். கடைசி பெஞ்சில் வெள்ளைச் சேலை கட்டி ஒருத்தி இருப்பதும், திருவிருந்து நேரத்தில் அவள் இல்லாமல் போவதும் யாருக்கும் உறுத்தவில்லை. வெளியே வேலையாக இருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். வேலையாகத்தானே இருந்தாள்.

லைன் வீட்டுக்காரம்மா இந்த ஊர்க்காரர். கவுச்சி சாப்பிடாதவர். வாயில் மட்டும் எப்போதும் காரம்.

"ஏனுங்க அம்மிணி, கம்பெனில பகலெல்லாம் நிக்கறீங்க, லீவு அன்னிக்கும் உங்க கோயில்ல போயி மாங்கு மாங்குனு கழுவறீங்க. உங்க சாமி என்ன, சூப்பர்வைசருங்களா?"

அக்கா சிரித்துவிட்டு, "இல்லம்மா. ஆனா பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு" என்பாள்.

அவளுக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியன்களை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், தொங்கும் பிசிர் என்று பார்ப்பது. குறை இருக்கிற இடத்தில் ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தனியாகப் போட வேண்டும். அந்தக் குவியலுக்கு ஆல்டர் என்று பெயர். ஆல்டர் பீஸ் திரும்பவும் தையலுக்குப் போய்ச் சரியாகி வரும். வந்ததை மறுபடியும் பார்க்க வேண்டும். சேலையிலும் முழங்கையிலும் ஒட்டிய அம்புகளோடு வீட்டுக்கு வருவாள். "இங்கயும் ஒரு குறை இருக்கு" என்று நான் ஒன்றைப் பிய்த்துக் காட்டுவேன். "ஒண்ணா இருக்கு?" என்பாள். அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

பிறகு இப்போதைய குருவானவர் வந்தார். அக்காவைவிட வயதில் மிகவும் சின்னவர். தாராபுரம் பக்கம், இந்த மண்ணின் பேச்சு. வந்த சில மாதங்களில் ஒரு முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தவர், செருப்பு வரிசையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, நீங்க உள்ள வரலீங்களா?"

"இல்லய்யா. எனக்குப் பங்கில்ல."

"யாருங்க சொன்னது?"

அக்கா சொன்னாள். ஊர், தாலி, வாசித்தது, பெரியவர், பாப்போம். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். பிறகு மெதுவாக, "இங்க உங்கள யாருமே தள்ளி வெக்கலீங்கக்கா. அடுத்த மாசம் நீங்க முன்னால வந்துருங்க. அவ்வளவுதான்" என்றார்.

அக்கா தலையாட்டினாள். அன்று சாயங்காலம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சும்மா குடுக்கதுன்னா, நான் இவ்வளவு காலமும் என்னத்துக்குலே கழுவுனேன்?"

நல்ல செய்தி ஒன்று வந்து ஒரு மனுஷியை இப்படி உடைக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் அவள் முன்னால் போகவில்லை. அறுப்பின் பண்டிகைக்குக் குருவானவருக்குப் புதிய வெள்ளை அங்கி எடுத்துத் தருவதாகப் பெண்கள் ஐக்கியத்தில் பேசியிருந்தார்கள். அதைத் தான் தைப்பதாக அக்கா ஒத்துக்கொண்டிருந்தாள். "அங்கிய தச்சுக் குடுத்துட்டு, அதுக்கப்புறம் போவேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நான் உடுமலைப்பேட்டைக்கு லாரி ஏறிவிட்டேன்.

வீட்டுக்காரம்மாதான் போன் செய்தார். "கண்ணு, உங்கக்காளுக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுங்க. தண்ணி குடிச்சுக் குடிச்சு முழுங்கறா. கேட்டா ஒண்ணுமில்லீங்கறா. நீ வந்துரு சாமி."

வந்தேன். கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் கட்டி. காலம் தாழ்ந்துவிட்டது என்றார்கள். கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். கொஞ்ச நாள் கஞ்சி இறங்கியது. பிறகு கஞ்சி நின்று இளநீர். கணியூரில் எனக்குத் தெரிந்தவர்கள் குலையாக இறக்கி பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். பிறகு இளநீரும் தடுமாறியது. வீட்டுக்கே கூட்டிப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

படுத்த இடத்தில் அவளுக்கு இரண்டே கவலை. ஒன்று, கோயில். இப்போது வேறொரு பெண் கழுவுகிறாள். "அவ மூலையில துடைக்கமாட்டா. சுத்திட்டு வந்துருவா." இன்னொன்று, அங்கி. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பு வாந்தியும் மயக்கமுமாக அதைத் தைத்து முடித்தவள், சரிபார்க்காமல் மடித்துக் கொடுத்தனுப்பிவிட்டாள். பண்டிகையன்று அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

"செக் பண்ணாமக் குடுத்துட்டேன்லே. வாழ்க்கையில மொத பீஸ்."

குருவானவர் அடிக்கடி வருவார். ஜெபித்துவிட்டுப் போவார். ஒரு நாள், "அடுத்த ஞாயிறு திருவிருந்த இங்கயே கொண்டு வரட்டுங்களா அக்கா?" என்று கேட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "கொஞ்சம் எந்திச்சு நடமாடட்டும்யா. நானே அங்க வாரேன்" என்றாள். நடமாட மாட்டாள் என்று மூன்று பேருக்கும் தெரியும். தண்ணீர்கூடக் கரண்டியில் விட வேண்டிய நிலை. இன்னும் சில நாள் போனால் ஒரு துணுக்கு அப்பமும் இறங்காது. அவள் ஆயுள் முழுக்க வேண்டியிருந்தது அந்த ஒரு துணுக்குதான். கழுவியதும் துவைத்ததும் அடுக்கியதும் அதற்காகத்தான். அது வீடு தேடி வருகிறது, இவள் இன்னும் தகுதியாகவில்லை என்கிறாள். அவர் போன பிறகு நான் சத்தம் போட்டேன்.

"எப்பத்தான்க்கா பாஸ் ஆவே நீ?"

அவள் அழவில்லை. "எனக்கு அப்படி வாங்கிப் பழக்கம் இல்லலே" என்றாள்.

அந்த ஞாயிறு மத்தியானம் அவர் கேட்காமலே வந்தார். ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றாமல் நேராக வந்திருந்தார். கையில் ஒரு சின்னப் பெட்டி. அக்கா பதறி எழப் பார்த்தாள். தரையில் இளநீர் மட்டை கிடந்தது. "கூட்டலையேலே, கூட்டலையே" என்றாள். அவர் மட்டையைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தரையிலேயே பாயோரமாக உட்கார்ந்தார். வீட்டுக்காரம்மா நிலைப்படியில் வந்து நின்றார்.

பெட்டியைத் திறந்து வெள்ளைத் துணி விரித்தார். சின்னக் கிண்ணம், சின்னத் தட்டு. அக்கா அதைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கியின் கை மடிப்பில், விரல் நீளத்துக்கு ஒரு நூல் தொங்கியது.

"ஐயா, பிசிரு" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. பிறகு என்னிடம், "ஏலே, கட்டர எடு."

பிசிர் வெட்டுகிற கட்டர் எப்போதும் ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கும். நான் எழுந்து அவிழ்த்தேன். அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தார் போல.

"இருக்கட்டுங்கக்கா" என்றார்.

"இல்லய்யா, நான் பாக்காமக் குடுத்துட்டேன். ஒரு நிமிசம்."

"பண்டிகைல இருந்து இதப் போட்டுட்டுத்தானுங்க எல்லாத்துக்கும் குடுத்துட்டு இருக்கேன். பிசிர் தொங்குதுன்னு யாரும் வேண்டாம்னு எந்திரிச்சுப் போகலீங்க." சிரித்தார். "இந்தக் கையிலயே குடுக்கறேன். வாங்கிக்கோங்க."

நான் கட்டரோடு நின்றேன். அக்கா அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயுள் முழுக்கப் பிசிரைக் கண்டால் கை தானாகப் போகிறவள். பக்கத்துக் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"வச்சிருலே" என்றாள் என்னிடம்.

வைத்தேன்.

அவள் கைகளை நீட்டினாள். இடது உள்ளங்கை மேல் வலது உள்ளங்கை. சின்னப் பெண்ணாக ஊரில் வாங்கியபோது கற்றது. கட்டர் பிடித்துப் பிடித்து வலது கைப் பெருவிரல் வளைந்து போயிருந்தது. அவர் ஜெபம் சொன்னார், அப்பத்தில் ஒரு நகத்தளவு கிள்ளி ரசத்தில் தோய்த்து, கையில் வைக்காமல் அவள் நாக்கில் வைத்தார். அந்த நூல் அவள் கன்னத்தில் உரசியது.

பிறகு நாங்கள் மூன்று பேரும் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஏறி இறங்கியது, நின்றது, மறுபடி ஏறியது. வீட்டுக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"போயிட்டு" என்றாள் அக்கா. "உள்ள போயிட்டு."

வீட்டுக்காரம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க சாமி, அவ்வளவுதானுங்களா? இதுக்காங்க இவ இத்தன வருசம் கெடந்து லோல்பட்டா?"

குருவானவர் கிண்ணத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். "அவ்வளவுதானுங்க அம்மா" என்றார், பெட்டியை மூடிக்கொண்டே.

அக்கா அப்படியே தூங்கிப்போனாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல். அதற்குப் பிறகு இருந்த கொஞ்ச நாளும் அவள் கோயில் மூலையைப் பற்றிப் பேசவில்லை. யார் வந்தாலும் எழப் பார்க்கவில்லை. நான் முகம் துடைத்துவிட்டால் துடைக்கவிட்டாள். முன்பெல்லாம் என் கையைத் தட்டிவிட்டுத் தானே துடைத்துக்கொள்வாள். ஒரு சாயங்காலம் மட்டும், கூரையைப் பார்த்துக்கொண்டு, "யாராச்சும் முன்னயே சொல்லிருக்கலாம்" என்றாள். புகாராகச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் அதை மறக்க முடியவில்லை.

எங்கள் சபையில் கிருபை என்ற சொல் மூச்சுக்கு ஒரு தடவை வரும். பாட்டில் வரும், ஜெபத்தில் வரும், கல்யாணப் பத்திரிகையில் வரும். அது சும்மா கிடைப்பது என்று அங்கே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும், வாசலில் குனிந்து நிற்கும் ஒருத்தியிடம் அதைப் போய்ச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வாசல் சுத்தமாக இருந்தது. செருப்பு வரிசையாக இருந்தது. கால் நுழைத்துக்கொண்டு போய்விட்டோம். ஊரில் வாசித்த ஐயரையும் பாப்போம் என்ற பெரியவரையும் நினைத்துக் கொஞ்ச காலம் கோபமாக இருந்தேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவள் வேலை எல்லாருக்கும் வசதியாக இருந்தது, எனக்கும்தான். நான் எப்போது வந்தாலும் பாய் விரித்திருந்தது. அதற்கு நான் என்ன செய்து தகுதியானேன்? ஒன்றும் செய்யவில்லை. வந்தேன், படுத்தேன். எனக்கு அவள் அப்படிக் கொடுத்தாள். தனக்கு ஒருவர் அப்படிக் கொடுப்பார் என்று மட்டும் அவளால் நம்ப முடியவில்லை.

அடக்கத்தன்று மழை தூறியது. குருவானவர் அதே அங்கியில் நின்று மண் போட்டார். நூல் இன்னும் தொங்கியது. வேண்டுமென்றே விட்டிருந்தாரா, மறந்துவிட்டாரா, கேட்கவில்லை.

லைன் வீட்டைக் காலி செய்தேன். வீட்டுக்காரம்மா ஜன்னல் கம்பியிலிருந்த கட்டரைத் தனக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். அணையில் மறுபடி வேலை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் ஞாயிறு வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

அன்று கடைசி பெஞ்சில், அவள் இடத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் எல்லாருடைய முதுகும்தான் தெரிகிறது. பாட்டு தொடங்கி, பெஞ்சுகள் ஒவ்வொன்றாக எழுந்து முன்னால் போயின. எங்கள் பெஞ்சின் முறை வந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் நெரிசல். செருப்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. பிள்ளைகள் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு அழுதார்கள். ஒரு அம்மாள் குனிந்து துழாவிக்கொண்டே, "அக்கா இல்லாம ஒரு ஜோடி கெடைக்க மாட்டேங்குதே" என்று சிரித்தவர், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். எனக்கும் ஒன்றுதான் கிடைத்தது. இன்னொன்றை எங்கும் காணவில்லை. வெயில் ஏறிய சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று, கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்தேன். ரசத்தின் துவர்ப்பு இன்னும் நாக்கில் இருந்தது.